உள் டயரை யார் பார்ப்பது?

டயர் கேள்வி பதில்
(பதில் சொல்பவர் நாமக்கல்லில் பல ஆண்டுகள் ரீபட்டன் (தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும்) பட்டறை நடத்தியவர். இப்போது லாரி உரிமையாளர்களுக்கு டயர் சோதனை செய்து கொடுக்கிறார்.)

அண்ணா, எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு பத்துச் சக்கர லாரி. வீட்டுக்காரர் ஓட்டுகிறார், கணக்கு நான் பார்க்கிறேன். பின்னால் ஒவ்வொரு பக்கமும் ஜோடியாக மாட்டுவதில், இந்த வருஷம் வெடித்ததெல்லாம் உள் டயர்தான். டயர் கம்பெனியை மாற்றியும் நிற்கவில்லை. கிளம்பும் முன்னால் கிளீனர் எல்லா டயரையும் இரும்பு ராடால் தட்டிப் பார்க்கிறார். பிறகும் ஏன் இப்படி?
– வாசகி, சங்ககிரி

தங்கச்சி, கம்பெனியை விடுங்கள். உள் டயருக்குப் பாரம் அதிகம், காற்றோட்டம் குறைவு, கவனிப்பு அதைவிடக் குறைவு. லோடு ஏறினால் அச்சு லேசாக வளையும். அப்போது உள் டயர் மேல்தான் எடை கூடுதலாக விழும். தண்ணீர் வடிவதற்காகச் சாலையின் நடுவை மேடாகப் போட்டிருப்பார்கள்; அதுவும் உள் டயருக்குத்தான் பாரத்தைக் கூட்டுகிறது. பிரேக் டிரம்மின் சூடும் அதற்குத்தான் முதலில் போகிறது. இதற்கெல்லாம் மேல், அதன் வால்வு கைக்கு எட்டாது. எட்டாததால் யாரும் காற்றளவு பார்க்கும் கேஜ் வைப்பதில்லை.

ராடால் தட்டுகிற பழக்கத்தை நம்பி வீணாய்ப்போன டயர்கள் என் பட்டறைக்கு நிறைய வந்திருக்கின்றன. காற்று முழுக்க இறங்கிய டயரைத் தட்டினால் தெரியும், அவ்வளவுதான். 110 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) இருக்க வேண்டிய டயரில் 80 இருந்தால் எவ்வளவு பழகிய காதுக்கும் சத்தத்தில் பிடிபடாது. கண்ணுக்கும் தெரியாது, ஏனென்றால் ஜோடி டயர் பக்கத்தில் நின்று தாங்கிக்கொண்டிருக்கும். இப்படி உள்ளே காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி எழும். மடங்குகிற இடத்தில் சூடு ஏறும். ரப்பரும் உள்ளே இருக்கும் கம்பியும் அந்தச் சூட்டில் பிரிய ஆரம்பிக்கும். வெடிப்பது கடைசியில் நடக்கிறது. கெட்டது பல நாளைக்கு முன்னால்.

அடுத்த முறை பின் டயரைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். உள் டயரின் வால்வு, வெளி டிஸ்க்கின் (டயரைத் தாங்கும் இரும்புச் சக்கரம்) ஓட்டைக்கு நேராக வரும்படி மாட்டச் சொல்லுங்கள். பல கடைகளில் அவசரத்தில் இதைப் பார்ப்பதில்லை. வால்வு டிஸ்க்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் அடுத்த பஞ்சர் வரைக்கும் அந்த டயருக்குக் காற்றுச் சோதனையே கிடையாது. எட்டவில்லை என்றால் இரும்பு எக்ஸ்டென்ஷன் போடலாம். வால்வு மூடி இல்லாத டயர் ஒன்றும் இருக்கக்கூடாது. மூடி தூசியைத் தடுப்பதோடு, வால்வுக்குள் காற்றை அடைத்திருக்கும் சின்ன ஊசி, அதாவது வால்வு பின், கசிந்தாலும் காற்றைப் பிடித்து வைக்கும்.

டயர் மாட்டும்போதே ஜோடியின் உயரத்தையும் பாருங்கள். புது டயருக்குப் பக்கத்தில் பாதி தேய்ந்த டயரை மாட்டினால் உயரமானது பாரத்தைச் சுமக்கும், குட்டையானது தரையில் தேய்ந்துகொண்டே வரும். இரண்டுக்கும் குறுக்களவில் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் கல் சிக்கியிருக்கிறதா என்று தினமும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உங்கள் வண்டி கல் குவாரிப் பக்கம் போகிறதென்றால் லோடு இறக்கியதும் ஒரு முறை பாருங்கள்.

கணக்கு பார்ப்பது நீங்கள் என்று எழுதியதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம். டீசல் கணக்கு எழுதும் நோட்டிலேயே டயருக்கு நாலு பக்கம் ஒதுக்குங்கள். பத்து டயருக்கும் ஸ்டெப்னிக்கும் எண் கொடுத்து, வாரம் ஒருநாள் வண்டி கிளம்பும் முன்னால் எடுத்த காற்றளவை எழுதுங்கள். மாதம் ஒருமுறை பட்டன் (தரையில் படும் ரப்பர்) ஆழத்தை மில்லிமீட்டரில் எழுதுங்கள். ஆழம் பார்க்கும் கேஜ் விலை அதிகமில்லை. ஒரே டயரில் வாரா வாரம் 5 பி.எஸ்.ஐ. குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் தேய எத்தனை கிலோமீட்டர் ஆனது என்று வகுத்துப் பாருங்கள். எந்தக் கம்பெனி டயர் உங்கள் ரூட்டுக்கு லாபம் என்று அந்த நோட்டு சொல்லிவிடும். கிளீனர் தம்பிக்கு ராடுக்குப் பதிலாக நல்ல கேஜ் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அதைப் பயன்படுத்தக் காலையில் அரைமணி நேரமும் சேர்த்துக் கொடுங்கள். நேரம் கொடுக்காமல் கேஜ் மட்டும் கொடுத்தால் அது டூல்ஸ் பெட்டியிலேயே கிடக்கும்.

சார், கோடையில் தொப்பூர் இறக்கம் இறங்கி வந்து தொட்டுப் பார்த்தால் டயர் கொதிக்கிறது. கேஜ் வைத்தால் 125 காட்டுகிறது. கொஞ்சம் காற்று இறக்கிவிட்டு ஓட்டுகிறேன். சரிதானே?
– ஓட்டுநர், தர்மபுரி

வேண்டாம் தம்பி. காலையில் 110 வைத்திருந்தால் ஓடிய சூட்டில் 10 முதல் 15 சதவீதம் ஏறுவது இயல்பு. அந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் டயரைச் செய்கிறார்கள். சூட்டில் 15 பி.எஸ்.ஐ. இறக்கினால் இரவு ஆறியதும் 95-க்குப் போய்விடும். மறுநாள் அந்தக் குறைந்த காற்றோடு லோடு ஏற்றினால் டயர் கூடுதலாக மடங்கி, நீங்கள் பயந்த சூடு இன்னும் அதிகமாகும். காற்றைப் பார்ப்பதும் கூட்டுவதும் வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆறிய பிறகுதான்.

உங்கள் கேள்வியில் இன்னொன்று இருக்கிறது. இறக்கத்தில் டயர் அவ்வளவு சூடாவது பெரும்பாலும் பிரேக்கால். டிரம் சூடு ரிம்முக்கு ஏறி, ரிம்மிலிருந்து டயரின் பீடுக்கும் (ரிம்மில் உட்காரும் விளிம்பு) டியூப் ஃபிளாப்புக்கும் (டியூப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பட்டை) போகிறது. ஃபிளாப் கருகி, டியூப்போடு ஒட்டிக்கொண்டு வந்த சக்கரங்களை நான் பிரித்திருக்கிறேன். இறங்க ஆரம்பிக்கும் முன்பே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக் (இன்ஜின் புகையைத் தடுத்து வேகத்தைக் குறைப்பது) போட்டு மெதுவாக இறங்குங்கள். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற இடம் தொப்பூர் இல்லை. கீழே வந்து டிரம் மேல் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், விரிசல் விடும். நிழலில் நிறுத்தி ஆறவிடுங்கள். நாலு சக்கரத்தில் ஒன்று மட்டும் மிக அதிகமாகச் சுட்டால் அந்தப் பிரேக் விடாமல் பிடிக்கிறது, அல்லது அந்தப் பேரிங் போகிறது.

அண்ணே, பைபாஸில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு வண்டி காற்றுக் குறைந்த ரேடியல் டயரோடு ரொம்ப தூரம் ஓடி வந்தது. "கழற்ற வேண்டாம், காற்று மட்டும் அடி" என்றார் டிரைவர். அடிக்கும்போது உள்ளே பட் பட்டென்று சத்தம் வந்தது. பயந்து நிறுத்திவிட்டேன். அவர் திட்டிவிட்டுப் போனார். நான் செய்தது சரியா?
– வாசகர், கிருஷ்ணகிரி

தம்பி, நீ நிறுத்தியதால்தான் இன்றைக்கு இந்தக் கடிதம் எழுதியிருக்கிறாய். அந்தச் சத்தம் பக்கச் சுவருக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுபடும் சத்தம். காற்றில்லாமல் ஓடும்போது அந்தக் கம்பிகள் மடங்கி மடங்கிச் சோர்ந்துபோகும். வெளியே ரப்பர் பார்க்க நன்றாகவே இருக்கும். மறுபடி காற்று ஏறும்போது பக்கச் சுவர் ஜிப்பைப் பிரித்த மாதிரி ஒரே கோட்டில் கிழிந்து வெடிக்கும். 120 பி.எஸ்.ஐ. என்றால் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் 54 கிலோ அழுத்தம். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கணக்குப் போட்டால் 40 டன்னுக்கு மேல் போகும். அதன் எதிரில் குனிந்து நிற்கிற ஆள் பிழைப்பது கஷ்டம்.

இனிமேல் உன் கடைக்கு இது விதியாக இருக்கட்டும்: இருக்க வேண்டிய காற்றில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து ஓடிய டயரைக் கழற்றி உள்ளே பார்க்காமல் காற்று அடிக்காதே. உள்பக்கம் ரப்பர் தூள் உதிர்ந்திருந்தால், நிறம் மாறியிருந்தால், சுருக்கம் விழுந்திருந்தால், கையால் அழுத்தும்போது ஓரிடம் மட்டும் தளர்வாக இருந்தால், அந்த டயர் முடிந்தது. டிரைவர் திட்டட்டும்.

காற்று அடிக்க இரும்புக் கூண்டு செய்து வை. வெல்டிங் பட்டறையில் கனமான பைப்பில் செய்து கொடுப்பார்கள். வால்வில் தானாகப் பிடித்துக்கொள்ளும் கிளிப், மூன்று மீட்டராவது நீளமான ஹோஸ், கேஜும் திறப்பானும் உன் கைப்பக்கம். டயரின் பக்கச் சுவருக்கு நேரே நிற்காதே, பட்டன் பக்கமாகத் தள்ளி நில். மறுபடி பட் பட் என்று கேட்டால் கிட்டே போகாமல் தூரத்திலிருந்தே காற்றை இறக்கு.

பழைய லாக் ரிங் டிஸ்க் (டயரைத் தனி இரும்பு வளையம் பிடித்து நிறுத்தும் சக்கரம்) வந்தால், நட்டில் ஸ்பேனர் வைக்கும் முன்னால் வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுக்க விடு. ஜோடியில் வெளி டயரைக் கழற்றினாலும் உள் டயர் காற்றையும் விட்டுவிடு; டிஸ்க்கில் விரிசல் இருந்தால் நட்டுகள் மட்டுமே அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். காற்று இருக்கும் சக்கரத்தில் ரிங்கைச் சுத்தியலால் தட்டிச் சேர்க்கவே கூடாது. டயர் மாட்டியிருக்கிற டிஸ்க்கில், காற்று இல்லை என்றாலும்கூட, வெல்டிங் வைக்கவோ நட்டைக் கேஸில் சூடாக்கவோ விடாதே. உள்ளே ரப்பர் வெந்து கிளம்பும் வாயு பற்றி வெடித்திருக்கிறது. டியூப்லெஸ் டயரை ரிம்மில் உட்கார வைக்கப் பெட்ரோல் தெளித்துக் கொளுத்துவதும் இதே வகைதான். உன்னிடம் வேலை கற்கும் பையன்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடு.

பத்துச் சக்கர வண்டிக்கு 28.5 டன் வரை அனுமதி என்கிறார்கள். டயரும் அதைத் தாங்கும்தானே?
– வாசகர், திருச்செங்கோடு

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது மூன்று அச்சு லாரிக்கு 25 டன் என்பது 28.5 டன் ஆனது. உங்கள் டயர் அதற்கு ஏற்றதா என்று பக்கச் சுவரில் பாருங்கள். 146/143 என்று இருந்தால், ஒற்றையாக மாட்டும்போது 3,000 கிலோ, ஜோடியில் 2,725 கிலோ என்று அர்த்தம். முன் அச்சில் இரண்டு டயரும் சேர்ந்து 6,000 கிலோதான் தாங்கும். பின்னால் எட்டு டயர் 21,800 கிலோ. கூட்டினால் 27.8 டன், 28.5 வரவில்லை. அதுவும் எழுதியிருக்கும் முழுக் காற்று இருந்தால்தான். புது வரம்புக்கு ஓட்டுவதானால் அதைவிடப் பெரிய எண் உள்ள டயர் வேண்டும். எம்-சாண்ட் யூனிட்டில் "கொஞ்சம் தூக்கலாகப் போடு" என்று சொல்வதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ரீபட்டன் டயரை முன்னால் மாட்டலாமா? எத்தனை தடவை ரீபட்டன் செய்யலாம்?
– வாசகர், ராசிபுரம்

முன்னால் வேண்டாம். ரீபட்டனை விற்றே பிழைத்தவன் சொல்கிறேன். நல்ல கேசிங்கில் (பட்டனுக்கு அடியில் இருக்கும் டயரின் உடல்) நன்றாகச் செய்த ரீபட்டன் பின்னால் புது டயர் மாதிரியே ஓடும். ஆனால் பின்னால் ஒன்று போனால் ஜோடி பிடிக்கும், முன்னால் ஒன்று போனால் ஸ்டீயரிங்கே போகும்.

எத்தனை தடவை என்பது கேசிங்கைப் பொறுத்தது. சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். அதுவரை காத்திருந்து, கம்பி தெரிய மொட்டையாக்கிக் கொண்டுவந்தால் ஒரு தடவைகூட முடியாது. மூன்று, நாலு மில்லிமீட்டர் இருக்கும்போதே கழற்றுங்கள். பட்டறைக்காரர் "இந்தக் கேசிங் ஆகாது" என்று திருப்பி அனுப்பினால் அவரை விட்டுவிடாதீர்கள், அவர் நல்ல பட்டறைக்காரர். எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற இடத்தில்தான் யோசிக்க வேண்டும்.

நைட்ரஜன் அடித்தால் நல்லதா?
– வாசகர், கரூர்

நாம் அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அடிப்பதால் கெடுதல் இல்லை. அந்தப் பணத்தில் முதலில் நல்ல கேஜ் வாங்குங்கள், கம்ப்ரஸர் டேங்கில் தேங்கும் தண்ணீரைத் தினமும் வடியுங்கள்.

ஸ்டெப்னி ஐந்து வருஷமாக மாட்டாமலே கிடக்கிறது, புதுசு போலவே இருக்கிறது. நம்பலாமா?
– வாசகர், ஓமலூர்

பக்கச் சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. வெயிலிலும் மழையிலும் தொங்கும் டயர் ஓடாமலே முதிரும். கீழே இறக்கி, பக்கச் சுவரிலும் பட்டன் பள்ளத்திலும் மெல்லிய வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். இல்லை என்றால் முழுக் காற்று அடித்து ஒரு இரவு வைத்து, காலையில் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு மேலே ஏற்றுங்கள். இறக்கும்போதே ஸ்டெப்னி தாங்கும் சங்கிலியையும் போல்ட்டையும் பாருங்கள். துருப்பிடித்து அறுந்து நெடுஞ்சாலையில் விழுந்தால் பின்னால் பைக்கில் வருபவருக்கு ஆபத்து.