கைப்பிடி பிரியும் மரவில்: பசையைக் குறை சொல்லும் முன்

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோவில் வசிக்கிறேன். முக்கால் அங்குலத் தடிமனுள்ள ஹிக்கரிப் பலகையில் ஐந்தரை அடி நீளமுள்ள வில் ஒன்றைச் செய்தேன். 28 அங்குலம் இழுத்தால் இழுவிசை 45 பவுண்டு காட்டுகிறது. கைப்பிடிக்காக மேப்பிள் கட்டை ஒன்றைத் தச்சர்கள் பயன்படுத்தும் மஞ்சள் பசையால் ஒட்டியிருந்தேன். சில வாரங்களாக இழுக்கும்போது 'டிக்' என்று ஓசை வருகிறது. கட்டையின் மேல்முனையில் தலைமயிர் அளவுக்குப் பிளவு தெரிகிறது. அக்டோபரில் மான் வேட்டைக்கு இந்த வில்லைக் கொண்டுபோக எண்ணியிருந்தேன். பிளவுக்குள் சூப்பர் குளூவை விட்டு நூலால் இறுக்கிச் சுற்றினால் போதும் என்கிறார் நண்பர். போதுமா?

பதில்: போதாது. நண்பர் சொன்னதை இன்னும் செய்யவில்லை என்றால் செய்யவே வேண்டாம். சூப்பர் குளூ நீர் போல உள்ளே பரவும். காய்ந்ததும் வளையாமல் நொறுங்கும். உங்கள் வில்லில் பிளவு வந்திருப்பதோ ஒவ்வொரு இழுப்பிலும் வளைய முயலும் இடத்தில். சில நாள் தாங்கும், பிறகு திரும்பவும் விடும். அதற்குள் இரு முகங்களிலும் அது படிந்துவிடும் என்பதால், அடுத்து எந்தப் பசையை வைத்தாலும் மரத்தைப் பிடிக்காது.

வில்லாளர்கள் குறியை நோக்கிய பக்கத்தை முதுகு என்றும், நம்மை நோக்கிய பக்கத்தை வயிறு என்றும் சொல்வார்கள். பலகை வில்லில் கட்டையை வயிற்றுப் பக்கம் ஒட்டுகிறோம். நாணை இழுக்கும்போது பலகை வளைகிறது, தடித்த கட்டை வளைய மறுக்கிறது. இரண்டுக்கும் நடக்கும் சண்டை முழுவதும் கட்டையின் முனையில் வந்து குவிகிறது. சுவரில் ஒட்டிய தாளைத் தட்டையாகப் பிடித்து இழுத்தால் வராது, மூலையைக் கிளப்பினால் சரசரவென்று உரிந்து வரும். இங்கும் அதுதான் நடக்கிறது. ஆகவே நான் முதலில் சந்தேகப்படுவது பசையை அல்ல, வில்லின் வடிவத்தை. வடிவத்தைத் திருத்தாமல் உலகின் சிறந்த பசையை வைத்தாலும் கட்டை மீண்டும் கிளம்பும்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். நாணைக் கழற்றிவிட்டு, மெல்லிய தாள் ஒன்றைப் பிளவுக்குள் செருகி, எதுவரை போகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, கட்டையின் நீளமே உள்ள நேரான இரும்பு அளவுகோலை முதுகுப் பக்கம் கைப்பிடிக்கு நேராக வைத்து, நடுவில் ரப்பர் வளையம் போட்டு நிறுத்துங்கள். நாணேற்றி, சுவரில் பொருத்திய கப்பி வழியாகக் கயிற்றால் மெதுவாகச் சில அங்குலம் மட்டும் இழுங்கள். அளவுகோலின் முனைகளில் வெளிச்சம் தெரிந்தால் கைப்பிடிப் பகுதியே வளைகிறது என்று பொருள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், வில்லுக்கு நேரே நிற்காதீர்கள். முழு நீளத்துக்கு இழுக்கும் ஆசையை இப்போது அடக்கிக்கொள்ள வேண்டும்.

வளைகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பலகையின் அகலத்தைக் கைப்பிடிக்காகக் குறைத்த இடம், கட்டையின் தடிமன் தொடங்கும் முன்பே ஆரம்பித்திருக்கும். அகலம் குறைவது முழுவதும் தடித்த பகுதிக்கு உள்ளேதான் நடக்க வேண்டும். மற்றொன்று, கட்டையின் சரிவு. எட்டு அங்குலக் கட்டையில் நடுவில் நாலு அங்குலம் பிடி, இருபுறமும் இரண்டிரண்டு அங்குலம் சரிவு என்பது வழக்கமான கணக்கு. அந்தச் சரிவு கத்தி முனைபோல மெலிந்து பலகையோடு கலந்துபோக வேண்டும். நான் பார்த்த பிரிந்த வில்களில் பெரும்பாலானவற்றில் சரிவின் முனை ஒரு சிறு படிக்கட்டாக நின்றிருந்தது. படி இருந்தால் பிளவு வரும், அவ்வளவுதான்.

தாள் அரை அங்குலத்துக்குக் குறைவாகவே போகிறது, அளவுகோலும் அசையவில்லை என்றால் கட்டையைக் கழற்ற வேண்டியதில்லை. மெதுவாக இறுகும் எப்பாக்ஸியை (இரண்டு பாகங்களைக் கலந்து வைக்கும் பசை) சற்றே சூடாக்கி இளக்கி, தாளாலேயே உள்ளே தள்ளி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். பிறகு முனையை நன்றாக மெலியச் சீவுங்கள்.

தாள் அதற்கு மேல் போனாலோ, கைப்பிடி வளைகிறது என்று அளவுகோல் காட்டினாலோ முழுவதும் கழற்றுவதே நல்லது. மஞ்சள் பசை சூட்டில் இளகும். வெப்பக்காற்றுத் துப்பாக்கியை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே, மெல்லிய பட்டிக் கத்தியைச் சிறிது சிறிதாகச் செருகுங்கள். மரம் பழுப்பேறக் கூடாது. சூடுபட்ட மரம் ஈரம் இழந்திருக்கும். ஒரு வாரமாவது அறையில் கிடக்கட்டும், அதற்கு முன் வளைக்க வேண்டாம்.

கழற்றியதும் இரு முகங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். கட்டையில் பலகையின் நார்கள் பிய்ந்து ஒட்டியிருந்தால் பசை தன் வேலையைச் செய்திருக்கிறது, வடிவம்தான் குற்றவாளி. ஒரு முகத்தில் பசை பளபளவென்று தோலாக நிற்க, எதிர்முகம் வெறும் மரமாக இருந்தால் ஒட்டியபோதே தவறு நடந்திருக்கிறது: தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, அல்லது முகங்கள் சரியாகப் பொருந்தாமை.

காய்ந்த மஞ்சள் பசையின் மேல் புதிய மஞ்சள் பசை பிடிக்காது. வெறும் மரம் தெரியும்வரை சுரண்டுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாளை விரித்து முகத்தைத் தேய்த்தால் சமதளம் கிடைக்கும். இரண்டையும் சேர்த்து விளக்குக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவக் கூடாது. அப்படிப் பொருந்தினால் டைட்பாண்ட் 3 போன்ற நீர் தாங்கும் மரப்பசை போதும். நன்றாக இறுக்கிக் கட்டி, ஓரிரவு விட்டு, பசையின் நீர் வெளியேற மேலும் மூன்று நான்கு நாள் கொடுங்கள். சிறு இடைவெளி மிஞ்சினால் மெதுவாக இறுகும் எப்பாக்ஸிதான் சரி. அதற்கு முகத்தை 80 எண் உப்புத்தாளால் சற்றுச் சொரசொரப்பாக்க வேண்டும், கிளாம்பையும் அளவாகவே முடுக்க வேண்டும். அழுத்தி எல்லாவற்றையும் பிதுக்கி வெளியேற்றினால் நடுவில் ஒட்ட ஒன்றும் இருக்காது. ஐந்து நிமிட எப்பாக்ஸியை வில்லின் பக்கமே கொண்டுவராதீர்கள். ஹிக்கரி, மேப்பிள் இரண்டிலும் எண்ணெய் இல்லை. தேக்கு, ஈட்டி போன்ற மரத்தைக் கட்டையாக வைப்பவர்கள் மட்டும் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும்.

கைப்பிடி வளைகிறது என்று அளவுகோல் காட்டியிருந்தால் இதோடு நிறுத்தக் கூடாது. மூன்று மில்லிமீட்டர் தடிமனில் ஹிக்கரிப் பட்டை ஒன்றை, இழை நீளவாக்கில் ஓடும்படி அறுத்து, முதலில் அதைப் பலகையின் வயிற்றில் ஒட்டுங்கள். கட்டையைவிட இருபுறமும் இரண்டு அங்குலம் நீண்டு, முனைகளில் ஒன்றுமில்லாமல் மெலிய வேண்டும். கட்டையை அதன் மேல் ஒட்டுங்கள். விறைப்பிலிருந்து வளைவுக்குப் போகும் மாற்றம் ஒரே புள்ளியில் நிகழாமல் இந்தப் பட்டை முழுவதும் பரவும். கட்டையின் முனைக்குச் சுமை குறையும். வளையும் நீளம் சற்றுக் குறைவதால் இழுவிசை கொஞ்சம் கூடும், வளைவையும் மறுபடி சமன்செய்ய, அதாவது இருபுறமும் ஒரேபோல வளையும்படி மரத்தைச் சீவ நேரும். என்னைக் கேட்டால், இந்த ஒரு பட்டைக்குச் செலவிடும் மாலைப்பொழுது பத்துவகைப் பசையை வாங்குவதைவிடப் பயனுள்ளது.

கட்டையே வேண்டாம் என்பதும் ஒரு வழி. 1545இல் மூழ்கி 1982இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த யூ மர நெடுவில்களில் ஒட்டிய கைப்பிடி கிடையாது. ஆனால் நடுப்பகுதியின் அகலத்தை நீங்கள் ஏற்கெனவே குறைத்திருந்தால், கட்டை இல்லாத வில் அங்கேயே ஒடியும்.

திருகாணி, போல்ட் எதுவும் வேண்டாம். துளை என்பது விரிசலுக்கு நாமே வைக்கும் தொடக்கப்புள்ளி. பசையில் ஊறிய லினன் நூலைச் சரிவுகளின் மேல் சுற்றுவது நல்ல காவல். ஆனால் சரியாக ஒட்டி முடித்த பிறகுதான். தோல் உறையை மட்டும் தள்ளிப்போடுங்கள், ஒட்டின் கோடு கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கட்டும். பூட்டிய காரின் வெயிலில் வில்லை வைக்காதீர்கள்.

வேட்டையைப் பொறுத்தவரை, பழுது பார்த்தபின் சில வாரம் குறிப்பலகையில் எய்து பாருங்கள். கோடு மூடியே இருந்து, ஓசையும் இல்லாவிட்டால் கொண்டுபோகலாம். மறுபடி சமன்செய்ததில் இழுவிசை குறைந்திருந்தால், மானுக்கு உங்கள் மாகாணம் விதித்திருக்கும் குறைந்தபட்ச அளவைத் தாண்டுகிறதா என்று தராசில் பாருங்கள். அக்டோபருக்குள் இந்தச் சோதனை முடியாவிட்டால் இந்த ஆண்டு வேறு வில்தான். தமிழ்நாட்டிலிருந்து இதைப் படித்து வில் செய்பவர்களுக்கு: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டை குற்றம், குறிப்பலகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கட்டையைக் கழற்றும்போது முதுகுப் பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே குறுக்காக ஒரு விரிசல் ஓடியிருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அந்த வில்லில் மீண்டும் நாணேற்றாதீர்கள். மேப்பிள் கட்டையை மட்டும் அடுத்ததற்கு எடுத்துக்கொள்ளலாம்.