செயற்கைக்கோளுக்கு வயதாகிறது, டிஷ்ஷை மாற்றலாமா?

தஞ்சாவூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் வீட்டில் டிடி ஃப்ரீ டிஷ். அது வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோளின் ஆயுள் 12 ஆண்டுதானாம், 2027-இல் முடிகிறதாம். இப்போதே டிஷ்ஷை மாற்றிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?"

வேண்டாம். காசை வைத்துக்கொள்ளுங்கள்.

2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15-க்கு 12 ஆண்டு ஆயுள் என்பது உண்மைதான். ஆனால் மருந்து அட்டையில் அச்சடிக்கிற காலாவதித் தேதி மாதிரி அதைப் படிக்கக்கூடாது. இத்தனை ஆண்டாவது உழைக்க வேண்டும் என்று வைத்துக் கட்டிய கணக்கு அது. இன்சாட்-4பி என்ற பழைய செயற்கைக்கோளுக்கும் 12 ஆண்டுதான் சொன்னார்கள். 2007-இல் போனது 14 ஆண்டு ஓடியது.

ஆயுளை முடிப்பது பெரும்பாலும் எரிபொருள் தீர்வதுதான். செயற்கைக்கோள் படம் அனுப்புவது சூரிய மின்சாரத்தில். எரிபொருள் செலவாவது இடத்தில் நிற்பதற்கு. 35,786 கி.மீ. உயரத்தில் நிலவும் சூரியனும் அதை வடக்கு, தெற்காக இழுத்துக்கொண்டே இருக்கும். சும்மா விட்டால் அதன் பாதை ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி சாயும். மாடியில் முடுக்கி வைத்த டிஷ்ஷோ அசையாது. அதனால் கர்நாடகத்தில் ஹாசன் கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து அவ்வப்போது கோளில் இருக்கும் உந்திகளை, அதாவது தள்ளிவிடும் சின்ன எஞ்சின்களை, இயக்கி நேராக்குவார்கள். ஜிசாட்-15 கிளம்பும்போது 3,164 கிலோ. பாதிக்கு மேல் எரிபொருள். அதிலும் பெரும்பங்கு அந்த உயரத்துக்கு ஏறும்போதே தீர்ந்துபோகும். மிச்சத்தை வைத்துத்தான் பத்துப் பதினைந்து வருடக் குடித்தனம்.

எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதும் லேசில்லை. கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்க்கிற கதை அங்கே நடக்காது. எடையற்ற இடத்தில் திரவம் அடியில் தேங்காது. உந்தியை இதுவரை எத்தனை நொடி இயக்கினோம் என்று கூட்டி, தொட்டியின் அழுத்தம், வெப்பநிலையோடு சரிபார்த்துத்தான் கணிக்கிறார்கள். வேலை முடிந்ததும் வழிவிட்டு மேலே ஒதுங்கும் கடைசிப் பயணத்துக்கும் கொஞ்சம் எரிபொருள் ஒதுக்க வேண்டும். இன்சாட்-4பி-யை 2022 ஜனவரியில் 11 தடவை உந்தி, ஏறக்குறைய 340 கி.மீ. மேலே ஒதுக்கிவிட்டார்கள்.

சரி, உங்கள் டிஷ். அது பார்ப்பது வானத்தில் ஓர் இடத்தை: கிழக்கு 93.5 டிகிரி. அங்கே எந்தக் கோள் நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. ஃப்ரீ டிஷ் முன்பு வந்ததே இன்சாட்-4பி-யில், இதே இடத்தில். ஜிசாட்-15-க்கு மாறியபோது யாரும் டிஷ்ஷைத் திருப்பவில்லை. அலைவரிசை மாறியதால் பாக்ஸில் மறுபடி சர்ச் போட்டதோடு சரி.

இடம் மாறினால்தான் தொல்லை. 2010 ஜூலையில் இன்சாட்-4பி-யில் மின்சாரக் கோளாறு வந்து சேனல்களை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க வேண்டியிருந்தது. அதில் வந்துகொண்டிருந்த சன் டைரக்ட், 91.5 டிகிரியில் இருந்த மீசாட்-3 என்ற வேறு கோளுக்குப் போனது. இரண்டு டிகிரிதான், ஆனாலும் டிஷ்களைத் திருப்ப வேண்டிவந்தது. அப்போதும் தேவைப்பட்டது ஒரு ஸ்பானர், புது டிஷ் இல்லை.

இன்னொன்று: மார்ச்சிலும், செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்கிலும் பகலில் சில நிமிடம் படம் உடைந்தால், 'கோள் போச்சு' என்று யாராவது சொல்வார்கள். சூரியன் கோளுக்கு நேர் பின்னால் வந்திருக்கும், அவ்வளவுதான். நாள் முழுக்க உடைந்தால் முதலில் எல்என்பி-யில் (டிஷ்ஷுக்கு முன்னால் கம்பியில் நிற்கும் சின்னக் கருவி) கேபிள் மாட்டும் இடத்தில் துரு ஏறியிருக்கிறதா பாருங்கள். அப்புறம், போன வருஷம் குட்டையாக இருந்த பக்கத்து வீட்டுத் தென்னை இப்போது எவ்வளவு உயரம் என்றும்.