ஃபயர்வால் என்றால் என்ன? கட்டடம், கார், கணினி மூன்றிலும் ஏன் அதே பெயர்?

நெருப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவாமல் தடுக்கும் சுவர்தான் ஃபயர்வால். சொல் பிறந்தது கட்டட வேலையில். ஒட்டி நிற்கும் கட்டடங்களுக்கு நடுவே, எளிதில் எரியாத செங்கல் போன்ற பொருளால் எழுப்புவார்கள். காரில் என்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள உலோகத் தடுப்புக்கும் இதே பெயர்.

1980களின் பிற்பகுதியில் இந்தச் சொல் கணினி வலைப்பின்னலுக்கு வந்தது. இங்கேதான் முக்கியமான வித்தியாசம்: செங்கல் சுவர் எதையும் விடாது, இந்தச் சுவரோ சிலவற்றை விட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் இணையமே ஓடாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலாளி, "எங்கிருந்து வர்றீங்க, எந்த வீட்டுக்கு?" என்று கேட்டு உள்ளே அனுப்புகிறார் இல்லையா, அதே வேலைதான். வரும் தரவு எங்கிருந்து, எந்த முகவரிக்கு என்று பார்த்து, விதிக்குள் இருந்தால் மட்டும் விடும்.

ஃபயர்வால் இருந்தால் வைரஸே வராது என்று பலர் நம்புகிறார்கள். மின்னஞ்சலோடு வந்த கோப்பை நாமே திறந்துவிட்டால் அது பெரும்பாலும் தடுக்காது, அதற்கு ஆன்டிவைரஸ் தனியாக வேண்டும்.