ஆட்டோகிராஃப் வரவில்லையா? முதலில் கவரை எடை போடுங்கள்

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் ஆறு கிரிக்கெட் வீரர்களுக்குப் போட்டோ வைத்து, ஆட்டோகிராஃப் கேட்டுத் தபால் அனுப்பினான். நான்கு மாதமாக ஒன்றும் வரவில்லை. தெரிந்தவர் ஒருவர் வீரர்களின் வீட்டு முகவரிப் பட்டியல் 500 ரூபாய் என்கிறார். தோனி கையெழுத்திட்ட படமும் சான்றிதழோடு 2,500-க்குத் தருகிறாராம். வாங்கலாமா? இங்கிலாந்து கவுண்டி அணிக்கு எழுதினால் திரும்பி வரும் கவருக்கு எந்த ஸ்டாம்ப் ஒட்டுவது? (வாசகி, காட்பாடி)

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள், அம்மா. நான்கு மாதமெல்லாம் இதில் ஒரு கணக்கே இல்லை. எனக்கு ஒரு வருஷம் கழித்து வந்ததும் உண்டு. வராமலே போனதுதான் அதிகம்.

பையனின் கவரில்தான் எனக்குச் சந்தேகம். சாதாரணக் கடிதம் 20 கிராம் வரை 5 ரூபாய். போட்டோ மடங்காமலிருக்க அட்டை வைத்தாலே 20-ஐத் தாண்டிவிடும். அடுத்த ஒவ்வொரு 20 கிராமுக்கும் இன்னொரு 5 ரூபாய். வீரர் திருப்பி அனுப்புவதற்காக உள்ளே வைக்கிற, சொந்த விலாசம் எழுதிய கவருக்கும் இதே கணக்குதான். எல்லோரும் அதில் ஒரே ஒரு 5 ரூபாய் ஸ்டாம்பை ஒட்டிவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். ஸ்டாம்பில் குறைகிற தொகையைப் போல இரண்டு மடங்கை, கவரை வாங்குபவரிடம் தபால்காரர் கேட்பார். வீடு பூட்டியிருந்தால் கவர் வந்த வழியே போகும். வேலூர் லாங் பஜாரில் தெரிந்த நகைக்கடை இருந்தால் போட்டோ, அட்டை, கவர் மூன்றையும் தராசில் வைத்துப் பாருங்கள்.

அனுப்பியதற்கு ஒரு சாட்சி வேண்டும் என்பீர்கள். முன்பு சில்லறைக் காசுக்குச் சர்டிபிகேட் ஆஃப் போஸ்டிங் என்று முத்திரை குத்தித் தருவார்கள். அதை 2011-ல் நிறுத்தினார்கள். பதிவுத் தபால் மிச்சமிருந்தது. 2025-ல் அதையும் ஸ்பீட் போஸ்டில் கரைத்துவிட்டார்கள். ஏழைப் பையன் ஒருவன் மலிவாக ரசீதோடு அனுப்ப ஒரு வழி விட்டுவைக்கக் கூடாதா? சரி, புலம்பி என்ன, சாதாரணத் தபாலிலேயே அனுப்பட்டும்.

முகவரிப் பட்டியல் சுத்த ஏமாற்று. பாதி விலாசத்தில் ஆள் மாறி வருஷக்கணக்காகியிருக்கும். மீதி சரியாக இருந்தாலும், ஒருவர் வீட்டு விலாசத்தை விற்பது என்ன பிழைப்பு? வீரர் ஆடும் மாநில கிரிக்கெட் சங்கத்தின் மேற்பார்வையில் (c/o) என்று எழுதினால் போதும். தமிழ்நாட்டு வீரர் என்றால் சேப்பாக்கம், சென்னை 600005.

தோனி படத்துக்கு வருகிறேன். சான்றிதழ் என்பது ஒரு தாள். கையெழுத்துக்கு அந்தத் தாளை அச்சடித்தவனே சாட்சி! அமெரிக்காவில் 1990-களில் எஃப்.பி.ஐ. ‘ஆபரேஷன் புல்பென்’ என்று வலை விரித்துப் பிடித்த போலிக் கூட்டமும் சான்றிதழோடுதான் விற்றது. நானும் ஏமாந்தவன். ஒரே வியாபாரியிடம் இரண்டு படம் வாங்கி, டியூப்லைட்டின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். கடைசி எழுத்தின் வால் உட்பட அச்சாகப் பொருந்தியது. மனிதக் கை அப்படிப் போடாது. படத்தைச் சாய்த்துப் பிடியுங்கள்: மை தனியாகப் பளபளத்தால் பேனா; பளபளப்பு கையெழுத்தின் மேலும் ஒரே சீராக ஓடினால் அச்சு. லென்ஸில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் அச்சுதான். பேனாவாலேயே போட்ட போலியை இதில் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் வாங்கவே வேண்டாம் என்கிறேன்.

இங்கிலாந்திலிருந்து திரும்பி வரும் கவரில் நம் ஊர் ஸ்டாம்பை ஒட்டி வைத்தால் அங்கே செல்லாது. அந்த நாட்டு ஸ்டாம்ப் வேண்டும். பழைய ராணி தலை ஸ்டாம்பை யாராவது மலிவாகக் கொடுத்தால் ஏமாறாதீர்கள். பக்கத்தில் பார்கோடு இல்லாத சாதாரண ராணி தலை 2023 ஜூலையோடு செல்லாமல் போய்விட்டது. ஒரு விதிவிலக்கு உண்டு, இதில்தான் எல்லோரும் குழம்புவார்கள். பறவை, கப்பல் என்று படம் போட்ட நினைவு ஸ்டாம்புகளுக்கும் கிறிஸ்துமஸ் ஸ்டாம்புகளுக்கும் பார்கோடு இல்லாவிட்டாலும் மதிப்பு உண்டு. அவற்றின் மூலையிலும் ராணியின் தலை நிழல்போலச் சின்னதாக இருக்கும். அதைப் பார்த்து இதுவும் செல்லாது என்று தூக்கிப் போடாதீர்கள். ஆனால் முத்திரை விழாததாக இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து வெளிநாட்டுத் தபால் கட்டணத்தை எட்டவும் வேண்டும். அவர்களின் உள்நாட்டுக் கட்டணம் போதாது. லண்டனில் சொந்தக்காரர் யாராவது இருந்தால், ஊருக்கு வரும்போது நாலு ஸ்டாம்ப் வாங்கி வரச் சொல்வது சுலபம்.

அப்புறம், எல்லாப் பையன்களும் அதே ஐந்தாறு கிரிக்கெட் நட்சத்திரங்களுக்குத்தான் எழுதுகிறார்கள். அங்கே மூட்டை மூட்டையாகக் கடிதம் குவியும். 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் என இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் தூக்கிய சதீஷ் சிவலிங்கம் நம் வேலூர் சத்துவாச்சாரிக்காரர். பளுதூக்குபவர்களுக்கு எத்தனை பேர் எழுதுகிறார்கள்?

அடுத்த முறை திரும்பும் கவரின் உள்மடிப்பில் பென்சிலால் வீரர் பெயரையும் அனுப்பிய தேதியையும் பையன் குறித்து வைக்கட்டும். கிறுக்கலாக ஒரு கையெழுத்து வந்து சேர்ந்தால், அது யாருடையது என்று வீடே கூடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்காது.