நில எடுப்பு நோட்டீஸ் வந்த பிறகு: கேள்வி பதில்

நில எடுப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், வந்துள்ள கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். முதலில், எந்தச் சட்டத்தின் கீழ் உங்கள் நிலம் எடுக்கப்படுகிறது என்பதை நோட்டீஸில் பார்த்துவிடுங்கள். 2013ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டம், 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம் ஆகியவற்றின் நடைமுறைகள் வெவ்வேறானவை. தனியாகக் குறிப்பிடாத இடங்களில் என் பதில் 2013 சட்டத்தைப் பற்றியது.

கேள்வி: நிலத்தைத் தர மாட்டேன் என்று மறுக்க முடியுமா?

வெறும் மறுப்பால் நில எடுப்பு நிற்காது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு சொத்துரிமை அடிப்படை உரிமையாக இல்லை. சட்டத்தின் வழியாக அல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்ற அரசியலமைப்பின் 300ஏ பிரிவின் காப்பு மட்டும் இருக்கிறது. எனவே ஆட்சேபணை மனுவில்தான் உங்கள் பலம் உள்ளது. முதற்கட்ட அறிவிக்கை வெளியானதிலிருந்து 60 நாட்களுக்குள், தேசிய நெடுஞ்சாலை என்றால் 21 நாட்களுக்குள், அதைக் கொடுத்தாக வேண்டும். “இதுதான் எங்கள் வாழ்வாதாரம்” என்று மட்டும் எழுதிய மனுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவை கோப்பிலேயே தங்கிவிடும். பாசனக் கிணறு எங்கே வருகிறது, பக்கத்தில் எந்தப் புறம்போக்கு வழியாகப் பாதையை மாற்றலாம் என்று புல எண்ணுடன் எழுதப்பட்ட மனுவுக்கு அதிகாரி பதில் எழுதியே தீர வேண்டும். தனியார் நிறுவனத்துக்காக எடுப்பதானால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் முன் ஒப்புதல் தேவை என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: ஏக்கருக்கு எவ்வளவு கிடைக்கும்?

பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு ஒருபுறம். அக்கம்பக்கத்தில் அதே வகை நிலங்களுக்குக் கடந்த மூன்றாண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில், அதிக விலை காட்டும் பாதிப் பத்திரங்களின் சராசரி மறுபுறம். இவற்றில் எது அதிகமோ அதுவே சந்தை மதிப்பு. கிராமப்புறமானால் அதை அரசு நிர்ணயித்த, 1 முதல் 2 வரையிலான காரணியால் பெருக்குவார்கள். கிணறு, மரங்கள், கட்டடம் ஆகியவற்றின் மதிப்பைச் சேர்த்து, வரும் தொகைக்குச் சமமாக இன்னொரு பங்கை ஆறுதல் தொகையாகத் தருவார்கள். சந்தை மதிப்பு 10 லட்சம், காரணி 1.25, தென்னையும் கிணறும் 2 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 14.5 லட்சம் இரட்டித்து 29 லட்சமாகும். இதற்கு மேல், சந்தை மதிப்பின் மீது ஆண்டுக்கு 12 விழுக்காடு கூடுதல் தொகை உண்டு.

கணக்கு இவ்வளவு தாராளமாக இருந்தும் கைக்கு வருவது குறைவாக இருப்பதற்கு, முத்திரைத்தாள் செலவை மிச்சப்படுத்த ஊரே பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதி வந்ததும் ஒரு காரணம். அன்று எழுதிய பொய் இன்று சான்றாக வந்து நிற்கிறது. ஆகவே, உண்மை விலை காட்டும் பத்திரங்களின் நகல்களைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நீங்களே எடுத்து, விசாரணையில் தாக்கல் செய்யுங்கள்.

கேள்வி: அறிவிக்கை வந்துவிட்டது. இப்போது மகன்கள் பெயருக்கு எழுதி வைக்கலாமா?

கூடாது. முதற்கட்ட அறிவிக்கைக்குப் பின் மாவட்ட ஆட்சியரின் சிறப்பு அனுமதியின்றி அந்த நிலத்தில் எந்தப் பரிவர்த்தனையும் செய்ய முடியாது.

கேள்வி: கூட்டுப்பட்டா. பங்கு பற்றித் தம்பியுடன் தகராறு உள்ளது.

உடன்பாடு ஏற்படாவிட்டால் தொகை, நில எடுப்புத் தகராறுகளை விசாரிக்கும் ஆணையத்தில் வைப்பாகச் செலுத்தப்பட்டு, பங்கு முடிவாகும் வரை இருவருக்கும் எட்டாமல் போய்விடும். நிலம் மட்டும் போகும்.

கேள்வி: வீட்டில் பாதியைத்தான் எடுக்கிறார்கள்.

முழு வீட்டையும் எடுத்துக்கொள்ளுமாறு எழுத்து மூலம் கோர, 94ஆவது பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது.

கேள்வி: தீர்வத்தில் (இழப்பீட்டை முடிவு செய்யும் ஆணையில்) சொன்ன தொகை மிகக் குறைவு. வாங்க மறுக்கலாமா?

மறுப்பதால் பயனில்லை. தொகையைப் பெற்றுக்கொண்டு, ரசீதில் “ஆட்சேபத்துடன் பெறுகிறேன்” என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். இதை எழுதாமல் கையெழுத்திட்டவர் பிறகு கூடுதல் இழப்பீடு கோர முடியாது. தீர்வம் வழங்கப்பட்டபோது நேரில் இருந்திருந்தால் அன்றிலிருந்து ஆறு வாரங்களுக்குள், 64ஆவது பிரிவின்படி, உங்கள் கோரிக்கையை ஆணையத்துக்கு அனுப்புமாறு ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையானால் மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் செல்ல வேண்டும். விண்ணப்பிக்கத் தவறியவருக்கும் ஒரு வாசல் உண்டு: அதே அறிவிக்கையில் வந்த பக்கத்து நிலத்துக்காரருக்கு ஆணையம் தொகையைக் கூட்டினால், மூன்று மாதங்களுக்குள் 73ஆவது பிரிவின் கீழ் அதே விகிதத்தைக் கேட்கலாம்.

கேள்வி: இழப்பீட்டுக்கு வருமான வரி உண்டா?

இச்சட்டப்படி வழங்கப்படும் இழப்பீட்டுக்கு இல்லை. 96ஆவது பிரிவைக் காட்டுங்கள்.

கேள்வி: 1990களில் பழைய சட்டப்படி எடுத்த நிலம் இன்னும் தரிசாகவே கிடக்கிறது. திரும்பக் கிடைக்குமா?

தரிசாகக் கிடப்பது மட்டும் போதாது. இந்தூர் வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச்சில் அளித்த தீர்ப்பின்படி, 2013 சட்டம் வருவதற்கு ஐந்தாண்டுகளுக்கும் முன்பே தீர்வம் ஆகியும், அரசு நிலத்தைத் தன் வசம் எடுக்காமலும் இழப்பீட்டையும் வழங்காமலும் இருந்தால்தான் அந்த நில எடுப்பு காலாவதியாகும். நிலத்தை வசம் எடுத்தது, இழப்பீடு வழங்கியது ஆகியவற்றில் ஒன்று நடந்திருந்தாலும் பயனில்லை. நிலத்தை வசம் எடுத்ததற்கான மகஜர் (சாட்சிகளுடன் எழுதும் பதிவு) கோப்பில் உள்ளதா என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டறிந்த பின்பு வழக்கறிஞரைப் பாருங்கள்.