கச்சேரி முடிந்தும் காதில் "கொய்ங்"

கேள்வி: எனக்கு வயது 24. கல்லூரி நாட்களிலிருந்தே பிடித்த இண்டி பேண்ட் ஒன்று போன சனிக்கிழமை சென்னையில் ஒரு சின்ன அரங்கில் வாசித்தது. தோழிகளோடு மேடைக்கு முன்னாலேயே மூன்று மணி நேரம் நின்று ஆடித் தீர்த்தோம். ஸ்பீக்கர் என் இடது கைப் பக்கம் இருந்தது. வெளியே வந்தபோது இரண்டு காதும் அடைத்திருந்தன. மறுநாள் வலது காது சரியாகிவிட்டது. இடது காதில் நான்கு நாளாக "கொய்ங்" என்ற சத்தம் நிற்கவில்லை, கொஞ்சம் மந்தமாகவும் கேட்கிறது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. பாட்டி பூண்டு எண்ணெய் காய்ச்சி விடச் சொல்கிறார். அடுத்த மாதம் அதே பேண்டுக்கு மறுபடி டிக்கெட் எடுத்திருக்கிறோம். போகலாமா டாக்டர்?

பதில்: டிக்கெட் விஷயம் அப்புறம். முதலில் நாளைக்கே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கச்சேரிக்குப் பிறகு வரும் இரைச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். உங்களுக்கு நான்கு நாள் ஆகிவிட்டது, அதுவும் ஒரே காதில், மந்தத்தோடு. கேட்கும் திறன் திடீரென்று குறைந்திருந்தால் ஸ்டீராய்டு மருந்து கொடுப்பதுண்டு. அதை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு வாரம் தாண்டினால் பலன் குறையும். தலைசுற்றலும் சேர்ந்தால் நாளை வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

மருத்துவர் காதுக்குள் பார்த்துவிட்டு ஆடியோகிராம் எடுக்கச் சொல்வார், அதாவது எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று கோடாக வரைந்து காட்டும் சோதனை. வலிக்காத பரிசோதனைதான். சத்தத்தால் வந்த பாதிப்பு என்றால் 4,000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதியின் பக்கத்தில் அந்தக் கோடு பள்ளமாக இறங்கியிருக்கும். சில சமயம் வெறும் குறும்பியாகவும் இருக்கலாம், அதையும் பார்த்துவிடுவார்கள். ஆஸ்பிரின் மாதிரி ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் மறக்காமல் சொல்லுங்கள். அதுவரை இயர்போனைத் தொடாதீர்கள். எண்ணெய் வேண்டாம். பாட்டியின் அக்கறை புரிகிறது, ஆனால் பிரச்சினை செவிப்பறையைத் தாண்டி உள்காதில் இருக்கிறது, எண்ணெய் அங்கே போய்ச் சேராது. சூடாக விட்டால் தோல் வெந்துபோகும், அவ்வளவுதான்.

உள்காதில் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 15,000 நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. பெரும் சத்தத்தில் அவை, காற்றில் சாய்ந்த நெற்பயிர் போலப் படுத்துவிடும். லேசாகச் சாய்ந்தவை நிமிர்ந்துகொள்ளும். உங்கள் வலது காதில் நடந்தது அது. செத்துப்போனவை மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை.

தோழிகளுக்கு ஏன் ஒன்றுமில்லை? ஸ்பீக்கரிலிருந்து நீங்கள் நின்ற தூரம் ஒரு காரணமாக இருக்கலாம். தவிர, ஒரே சத்தம் எல்லாக் காதையும் ஒரே மாதிரி தாக்காது. சின்ன அரங்குகளை நான் திறந்தவெளி மைதானத்தைவிடச் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். நான்கு சுவருக்குள் எதிரொலி அந்தச் சலுகையைத் தராது. டிரம்ஸுக்கோ மைக்கே தேவைப்படாது!

85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்குச் சொல்லப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடம். ராக் கச்சேரிகள் சாதாரணமாக அதைத் தொடும். நீங்கள் நின்றது மூன்று மணி நேரம்.

சரி, டிக்கெட். ஆடியோகிராமில் குறைபாடு தெரிந்தால் இந்த முறை டிக்கெட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இரைச்சல் நின்று பரிசோதனையும் நன்றாக இருந்தால் தாராளமாகப் போங்கள், இயர்பிளக்கோடு. பஞ்சு போதாது. நுரை இயர்பிளக் மலிவு, ஆனால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் இயர்பிளக் எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், வரிகள் தெளிவாகவே கேட்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை: காது இரைச்சலோடு வாழும் கோல்ட்பிளே பாடகர் கிறிஸ் மார்ட்டினே காதுக்குப் பாதுகாப்பு மாட்டிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஒலிக்கலவை செய்பவரின் மேசை அருகே நில்லுங்கள், அங்கேதான் இசை ஒழுங்காகக் கேட்கும். நடுவில் பத்து நிமிடம் வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுங்கள். தோழிகளுக்கும் ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.