பாஸ்கெட்பால்ல ஒரு ஸ்டார் பிளேயர் சிலருக்கு தலைவனாவும் சிலருக்கு கண்டாலே ஆகாதவனாவும் ஆகுறது எதனால?

முதல்லயே சொல்லிடுறேன், நான் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் டீமோட ஸ்டார் கோபி பிரையன்ட் கட்சி. அதனால பதில் கொஞ்சம் ஒரு பக்கமா சாயலாம், ஆனா அவரை நான் திட்டின திட்டும் கீழ வருது, பொறுமையா படிங்க.

2010 ஜூன் 18, நம்மூர் நேரத்துக்கு விடியக்காலை. ஹாஸ்டல்ல ஒரே லேப்டாப், விட்டு விட்டு ஓடுற ஸ்ட்ரீம், அதைச் சுத்தி நாலு பேரு தலையை நீட்டிக்கிட்டு. அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏவோட ஃபைனல்ஸ், லேக்கர்ஸும் பாஸ்டன் செல்டிக்ஸும், நாலு மேட்ச் முதல்ல ஜெயிக்கிறவங்களுக்குக் கப்பு, 3-3னு வந்து நிக்கிற கடைசி மேட்ச், கேம் 7. பக்கத்து ரூம்காரன் இன்னொரு பெரிய ஸ்டாரான லெப்ரான் ஜேம்ஸோட வெறியன், அவனுக்கு அன்னைக்கு லெப்ரான் ஆடலன்னாலும் கோபி தோக்கணும், அதுக்காகவே பல்லு கூட விளக்காம வந்து உட்கார்ந்திருந்தான். அவன் ஆசைப்பட்ட மாதிரிதான் மேட்ச்சும் போச்சு. கோபி அன்னைக்கு தூக்கி அடிச்ச 24 ஷாட்ல உள்ள போனது வெறும் 6. ஒரு கட்டத்துல லேக்கர்ஸ் 13 பாயிண்ட் பின்னாடி. ஒவ்வொரு மிஸ்ஸுக்கும் இவன் கை தட்டுறான், எனக்கு வயிறு எரியுது.

ஆனா அதே மேட்ச்ல கோபி 15 ரீபவுண்ட், அதாவது ரிங்ல விழாம திரும்பி வர்ற பந்து, எடுத்தார். ரிங்குக்குத் தள்ளி நின்னு கார்டா ஆடுற ஆளு, பாஸ்டனோட பெரிய பெரிய உடம்புக்கு நடுவுல புகுந்து பந்தைப் பொறுக்குறார். ஷாட் விழலன்னு தெரிஞ்சுபோச்சு, சரி வேற ஏதாவது வேலை இருக்கான்னு பார்க்குற மாதிரி. கடைசி ஒரு நிமிஷம் பாக்கி இருக்கிற நேரத்துல, வழக்கமா அவரே அடிச்சிருக்க வேண்டிய பந்து, கூட ஆடுற ரான் ஆர்டெஸ்ட் கைக்குப் போகுது, ஆர்டெஸ்ட் யோசிக்காம தூரத்துலருந்து த்ரீ பாயிண்டர் போட்டார், விழுந்துச்சு. 83-79. மேட்ச் முடிஞ்சு ஆர்டெஸ்ட் பேசினது ஞாபகம் இருக்கா? கப்பு ஜெயிச்சதை விட பெரிய விஷயம் மாதிரி, கோபி எனக்கு பாஸ் பண்ணிட்டார், அவர் எனக்கு பாஸே பண்ண மாட்டாரேன்னு குழந்தை மாதிரி குதிச்சார். அந்த ஒரு பேச்சுல உங்க கேள்விக்குப் பாதி பதில் இருக்குன்னு எனக்குத் தோணும்.

இப்போ நாலு வருஷம் பின்னாடி போங்க. 2006, சீசன் முடிஞ்சு கப்புக்காக நடக்கிற பிளே ஆஃப்ல முதல் ரவுண்டு, ஃபீனிக்ஸ் சன்ஸ் டீம் கூட. அதே வருஷம் ஜனவரியிலதான் டொரான்டோ மேல 81 பாயிண்ட் போட்டிருந்தார், அவரை மிஞ்சி யாரும் இல்லைங்கற நேரம். லேக்கர்ஸ் 3-1 முன்னாடி இருந்து 3-3 ஆகி கேம் 7. முதல் பாதில கோபி 23 பாயிண்ட். ரெண்டாவது பாதில? மூணே மூணு ஷாட், ஒரே ஒரு பாயிண்ட். 121-90 தோல்வி. பெரிய ஆளுங்களுக்கு உள்ள பந்து கொடுக்கறதுதான் பிளான், அதைத்தான் செஞ்சேன்னு அவர் தரப்பு. பார்த்தவங்க பாதிப் பேரு, இந்த டீமை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றதுன்னு ஊருக்கே காட்டுறதுக்காக வேணும்னே நின்னுட்டார்னு சொன்னாங்க. நான் அவர் கட்சிதான், ஆனா அந்த ரெண்டாவது பாதியை ஒரு தடவை முழுசா பார்த்திருக்கேன், ரெண்டாவது தடவை பார்க்க மனசு வரல. அடுத்த வருஷம் என்னை வேற டீமுக்கு மாத்துங்கன்னு வெளிப்படையா கேட்டார், பார்க்கிங் லாட்ல நின்னுக்கிட்டு ரசிகர்கள்கிட்ட சொந்த டீம் பையன் ஆண்ட்ரூ பைனமை மட்டம் தட்டிப் பேசினது வீடியோவா வேற வெளிய வந்துச்சு. பைனமுக்கு அப்போ 19 வயசு.

ரெண்டு கேம் 7லயும் ஒரே ஆளு, ஒரே வெறி. ஒண்ணுல கம்மியா அடிச்சார், சுயநலம்னாங்க. இன்னொண்ணுல 24 அடிச்சு 18 விட்டார், தலைவன்னாங்க. ஜெயிச்சா தலைவன் தோத்தா வில்லன், அவ்வளவுதான்னு சுலபமா முடிச்சிடலாம், அந்தப் பக்கத்து ரூம்காரன் அப்படித்தான் முடிப்பான். எனக்கு அது போதல. நான் பார்க்குறது வேற: அந்த ஆளோட பிடிவாதத்துக்கு யாரு காசு கட்டுறாங்க? டீக்கடைல எல்லாருக்கும் சேர்த்து சத்தமா ஆர்டர் சொல்றவன் இருப்பான், கடைசில காசு கொடுக்கறவன் வேற ஒருத்தனா இருப்பான். ஸ்டார் பிளேயர் எல்லாருமே சத்தமா ஆர்டர் சொல்றவங்கதான், அது இல்லாம ஸ்டார் ஆக முடியாது. பில் வரும்போது கை எந்தப் பாக்கெட்டுக்குப் போகுதுங்கறதை டீம்ல இருக்கிறவன் கவனிச்சுக்கிட்டே இருப்பான். 2006ல பில்லு பசங்க தலையில விழுந்துச்சு. 2010ல அவரே கட்டினார், 15 ரீபவுண்டா.

சம்பள விஷயத்துல இது இன்னும் பச்சையா தெரியும். என்பிஏல ஒரு டீம் மொத்தமா இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம்னு ஒரு வரம்பு இருக்கு, அதைத் தாண்ட சில வழி இருந்தாலும் வரி கட்டணும், கை கட்டிப்போடும். அதனால ஸ்டார் கூட வாங்குற ஒவ்வொரு கோடியும் பக்கத்துல ஆட இன்னொரு நல்ல ஆளை எடுக்கறதுக்கு இல்லாத கோடி. சான் அன்டோனியோ டீமோட ஸ்டார் டிம் டங்கன் 2012ல புது ஒப்பந்தம் போடும்போது, அதுக்கு முந்தின சீசன் 2 கோடி டாலருக்கு மேல வாங்கினவர், 1 கோடிக்கும் கீழ வாங்கிக்க ஒத்துக்கிட்டார். 2013 ஃபைனல்ஸ்ல மயாமிகிட்ட கப்பை நூலிழைல விட்டாங்க, 2014ல அதே மயாமியை 4-1னு அடிச்சுட்டுப் போனாங்க. எங்க ஆளு? 2013 ஏப்ரல்ல குதிகால் தசைநார் அறுந்து விழுந்தார், அந்த ஆண்டு நவம்பர்ல, திரும்பி ஒரு மேட்ச் கூட ஆடறதுக்கு முன்னாடியே, ரெண்டு வருஷத்துக்கு 4.85 கோடி டாலர். தப்புன்னு சொல்ல மாட்டேன், முதலாளி கொடுக்கறான், இவர் வாங்குறார், இத்தனை வருஷம் அந்த அரங்கத்தை நிரப்பினவர், அவர் மட்டும் ஏன் தியாகம் பண்ணணும், முதலாளியைப் பார்த்து யாரும் இந்தக் கேள்வியைக் கேக்கறதில்லையே. ஆனா அதுக்கப்புறம் லேக்கர்ஸ் ஒரு சீசன் 21 ஜெயம், அடுத்த சீசன் 17 ஜெயம், 82 மேட்ச்ல. அந்த ஒப்பந்தம் மட்டுமே காரணம் இல்ல, டீமே உளுத்துப்போயிருந்துச்சு, ஆனாலும் வாதம் பண்ண வர்றவன் முதல்ல எடுத்து வைக்கிறது அதைத்தான், எனக்கும் பதில் கிடையாது.

டங்கனைப் பத்தி இன்னொண்ணு. கோச் கிரெக் பாப்போவிச் அவரை எல்லார் முன்னாடியும் கத்துவார், இவர் அந்தப் பெரிய கண்ணை வச்சுக்கிட்டு சும்மா கேட்டுப்பார். டீம்லயே பெரிய ஆளு திட்டு வாங்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கும்போது, பெஞ்சுல பன்னெண்டாவது ஆளா உட்கார்ந்திருக்கிறவன் என்னை எப்படித் திட்டலாம்னு கேக்க முடியுமா? ஒரு வார்த்தை பேசாம பண்ற தலைமை இது. அதனாலயே டிவிக்கு அவர் ஆகல, போரடிக்கிறார்னாங்க, விளம்பரம் பெருசா இல்ல. ரெண்டு பக்கம் பிரிஞ்சு சண்டை போடணும்னா கூட அந்த ஆளு கொஞ்சம் வாயைத் திறக்கணும் பாருங்க.

மைக்கேல் ஜோர்டன் கதை எல்லாரும் சொல்றதுதான், சுருக்கமா சொல்லிட்டுப் போயிடுறேன். 1995ல பிராக்டீஸ்ல கூட ஆடுற ஸ்டீவ் கெர் முகத்துல குத்திட்டார், அன்னைக்கே போன் பண்ணி மன்னிப்பு கேட்டார், 1997 ஃபைனல்ஸ் கேம் 6ல கடைசிப் பந்தை அதே கெர் கைல கொடுத்தார், கெர் போட்டார், கப்பு. அந்தக் குத்துக்கு அப்புறம்தான் எங்களுக்குள்ள நல்லாச்சுன்னு கெர்ரே சொல்லியிருக்கார். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இது தாக்குப்பிடிச்சு நின்னவன் சொல்ற கதை, பயந்து சுருண்டு போனவன் கதையை யாரும் வந்து மைக் நீட்டிக் கேக்கறதில்ல. இதைப் படிச்சுட்டு நாளைக்கு கிரவுண்டுல ஜூனியர் பையனை அடிச்சா கப்பு வரும்னு யாரும் கிளம்பிடாதீங்க.

இதுவரைக்கும் சொன்னது டீமுக்குள்ள. வெளிய ஊர் பிரியுறது வேற கணக்கு, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறோம். லெப்ரான் 2010 ஜூலைல கிளீவ்லாந்தை விட்டு மயாமி போனார், அதுல ஒரு தப்பும் இல்ல, ஒப்பந்தம் முடிஞ்சுது, கிளம்பினார். ஆனா அதை டிவில தனி ஷோவா வச்சு, ஊரே முன்னாடி உட்கார்ந்து பார்க்க, லைவ்ல சொன்னார். பக்கத்து அக்ரன்ல பொறந்த பையன், நம்ம வீட்டுப் புள்ளைன்னு ஏழு வருஷம் கொண்டாடினவங்க அவர் ஜெர்சியைத் தெருவுல போட்டுக் கொளுத்தினாங்க. அந்த ஷோ மூலமா சிறுவர் மன்றங்களுக்கு லட்சக்கணக்குல டாலர் போச்சு, அது யாருக்கும் ஞாபகம் இல்ல. பிரிஞ்சு போறதை விட, சொன்ன விதம்தான் சுட்டுது. அதே ஆளு 2014ல திரும்பி வந்தார், இந்தத் தடவை ஷோ கிடையாது, பத்திரிகைல ஒரு கட்டுரை. 2016ல, அந்த சீசன்ல 73 மேட்ச் ஜெயிச்ச வாரியர்ஸ் டீம் கூட 1-3லருந்து எழுந்து கப்பு கொடுத்தார், அந்த ஊருக்கு 1964க்கு அப்புறம் எந்தப் பெரிய விளையாட்டுலயும் கிடைச்ச முதல் கப்பு. கொளுத்தினவனே புது ஜெர்சி வாங்கியிருப்பான்.

என்னோட டீக்கடை பில் கணக்கு உதைக்கிற இடம் ஒண்ணு இருக்கு, பாஸ்டன் செல்டிக்ஸ்ல ஆடின பில் ரஸ்ஸல். 13 சீசன்ல 11 கப்பு. லாக்கர் ரூம்ல அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது, 1966ல ஆடிக்கிட்டே கோச்சும் ஆனார், அந்த லீகோட முதல் கறுப்பினத் தலைமைக் கோச். 1961ல கென்டக்கியில லெக்ஸிங்டன்ல ஒரு காட்சி ஆட்டத்துக்குப் போனப்போ ஹோட்டல் காபி ஷாப்ல டீம்ல இருந்த கறுப்பினப் பசங்களுக்கு சாப்பாடு தர மாட்டேன்னுட்டாங்க, இவரும் மத்த கறுப்பின வீரர்களும் ஆட மாட்டோம்னு ஊருக்கு பிளைட் ஏறிட்டாங்க. தன் பாக்கெட்லருந்தே எல்லாத்துக்கும் கட்டினவர், என் கணக்குப்படி ஊரே தலையில தூக்கி வச்சு ஆடியிருக்கணும். பாஸ்டன் பக்கத்துல அவர் குடியிருந்த ஊர்ல நடந்தது? வீட்டுக்குள்ள புகுந்து உடைச்சு, சுவத்துல இனவெறி வார்த்தை எழுதி, படுக்கைல மலம் கழிச்சுட்டுப் போனாங்க. அவரும் வளைஞ்சு கொடுக்கல, ஆட்டோகிராஃப் போட மாட்டார், நான் ஆடினது செல்டிக்ஸுக்கு, பாஸ்டனுக்கு இல்லைன்னுட்டார். 1972ல அவரோட 6ஆம் நம்பரை இனி யாருக்கும் இல்லைன்னு மரியாதையா அரங்கத்துல மேல ஏத்தும்போது கூட, கூட்டத்தை உள்ள விடறதுக்கு முன்னாடி, கூட ஆடினவங்க மட்டும் இருக்க, காலி அரங்கத்துல. திமிர் புடிச்சவர்னு அப்போ எழுதினாங்க. 2022ல அவர் இறந்தப்போ மொத்த லீகும், எந்த டீம்லயும், அந்த 6ஆம் நம்பரை இனி புதுசா யாருக்கும் கொடுக்கறதில்லைன்னு முடிவு பண்ணுச்சு. ஒருத்தர் ஊரைப் பிரிக்கிறார்னா சில சமயம் ஊர் ஏற்கனவே பிரிஞ்சுதான் கிடந்திருக்கும், அவர் வந்து நின்னதும் கோடு வெளிய தெரியுது, அவ்வளவுதான்.

கோபி விஷயத்துல இன்னொண்ணு இருக்கு, அதைத் தொடாம இந்தப் பதிலை எழுதினா ஏமாத்து வேலை. 2003 கொலராடோ பாலியல் வழக்கு. அந்தப் பொண்ணு கோர்ட்ல சாட்சி சொல்ல வேண்டாம்னு முடிவெடுத்ததால 2004ல குற்ற வழக்கு கைவிடப்பட்டுது, அவர் மன்னிப்பு கேட்டு ஒரு அறிக்கை விட்டார், சிவில் வழக்கு வெளியவே பேசி முடிஞ்சுது. 2020ல ஹெலிகாப்டர் விபத்துல மகளோட போய்ச் சேர்ந்தப்போ உலகமே அழுதுது, நானும்தான், ஆனா அன்னைக்கும் சிலரால அழ முடியல, அவங்களைத் திட்டினவங்க கூட நான் சேரல. ரீபவுண்ட் எண்ணிக்கைல கழிக்கிற கணக்கு இல்ல அது.

சரி, என் சொந்தக் கதை ஒண்ணு. எங்க காலேஜ் டீம்ல ஒரு சீனியர், ஆட்டத்துல எமகாதகன், வாயைத் திறந்தா திட்டு. ஒரு இன்டர் காலேஜ் மேட்ச்ல நான் சும்மா தனியா போய் ரிங் பக்கத்துலருந்து போட வேண்டிய லே அப்பை விட்டுட்டேன், கோர்ட்ல நின்னபடியே பி.டி. சாரைப் பார்த்து கையைச் சுத்திக் காட்டி என்னை வெளிய எடுக்க வச்சார், எங்க வீட்லருந்து அப்பா வேற பார்க்க வந்திருந்தார் அன்னைக்கு. நாலு நாள் அந்தாள் முகத்துல முழிக்கக் கூடாதுன்னு இருந்தேன். அப்புறம் ஐப்பசி மழை, எங்களுது சிமென்ட் கோர்ட்டு, தண்ணி தேங்கிடும், ஆனா ஆறு மணிக்கு நாங்க போறப்போ எப்பவும் ஓரளவு காஞ்சே இருக்கும், சரிவா கட்டியிருக்காங்க போலன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். ஒரு நாள் தூக்கம் வராம அஞ்சேகாலுக்குப் போனா, இவர் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு தென்னை விளக்குமாத்தால ஃப்ரீ த்ரோ கோட்டுலருந்து தண்ணியைத் தள்ளிக்கிட்டிருக்கார். என்னைப் பார்த்தார், குட் மார்னிங் கிடையாது ஒண்ணும் கிடையாது, அந்த மூலைல இன்னொரு மாறு கிடக்கு எடுன்னார்.

இன்னைக்கும் டீம் வாட்ஸப் குரூப்ல அவர் பேச்சு வந்தா ரெண்டு கட்சி கட்டி சண்டை நடக்கும். நான் அவர் பக்கம்தான் பேசுவேன். லே அப் கதையை எவனாவது எடுத்தா மட்டும் அமைதியாயிடுவேன்.